உப்பு மூட்டையும் கைரேகையும்

(திருவள்ளூர் மண்ணின் கதை: பகுதி 14)

அமாவாசைக்கு முந்தின ராத்திரியே திருவள்ளூர் நிரம்பிவிடும். வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வேண்டும், உப்பும் மிளகும் காணிக்கை போட வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஒரு தை அமாவாசைக்கு நானும் போயிருந்தேன். பெருமாளைப் பார்க்க என்பதைவிடத் தெருவைப் பார்க்க என்று சொன்னால்தான் உண்மை.

சன்னதித் தெரு ஓரமாக ஒரு வயதான அம்மா முறத்தில் உப்பு, மிளகுப் பொட்டலங்களை அடுக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். கயிறு கட்டிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த இளம் காவலர் வந்து நின்றார். "எம்மா, எந்திரிம்மா. வண்டி வர்ற வழி." "தோ போறேன் சார்." அம்மா எழுந்தார். முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் காவலர் அங்கேயும் வந்தார். அம்மா மறுபடி இந்தப் பக்கம் வந்துவிட்டார். இரண்டு பேருக்கும் கோபமில்லை. ரொம்ப காலம் ஒத்திகை பார்த்த நாடகம் போல அது நடந்துகொண்டிருந்தது. அவரிடம் ஒரு பொட்டலம் வாங்கினேன். நல்ல கல்லுப்பு.

நாடகம் என்று சும்மா சொல்லவில்லை. உப்பு விற்கிறவரும் அவரை எழுப்புகிற போலீஸும் இந்த வட்டாரத்தில் முதன்முதலாக எதிரெதிரே நின்றபோது ஆட்டம் இவ்வளவு சாதுவாக இருக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

போன பகுதியில் வல்லூர், அத்திப்பட்டு உப்பளங்களையும், பக்கிங்காம் கால்வாயில் உப்பும் சவுக்கு விறகும் ஏற்றி வந்த படகுகளையும் பார்த்தோம். எண்ணூருக்கு இந்தப் பக்கம் 1806இல் கொக்ரேன் வெட்டிய கால்வாய், பின்னால் பழவேற்காட்டைத் தாண்டி வடக்கே நீண்டு, 1878இல் அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரை ஏற்றுக்கொண்டது. படகு கடலோரத்து ஊர்களுக்குச் சரி. மேற்கே, மேடும் காடுமாய்க் கிடந்த உள்நாட்டுக் கிராமத்து அடுப்படிக்கு உப்பு எப்படிப் போயிற்று?

சங்க காலத்தில் உமணர்கள் வண்டி கட்டிக்கொண்டு கூட்டமாகப் போனார்கள் என்று படித்திருக்கிறோம். பிற்காலத்தில் தமிழ், தெலுங்கு நிலம் இரண்டிலும் அந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் கொறவர்கள், தெலுங்கில் எருகுலர்கள். இவர்களை உமணரின் வாரிசு என்று சொல்லிவிட நான் துணியமாட்டேன். தொழில் ஒன்று, அவ்வளவுதான். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வாசகர் கடிதம் வருவதற்கு முன்னால்: பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள் வேறு, இவர்கள் வேறு. நரிக்குறவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி என்ற வடநாட்டுச் சாயல் மொழி. கொறவர் பேச்சு தமிழும் தெலுங்கும் கலந்தது.

கொறவர்களின் ஆண்டுக் கணக்கு இப்படி ஓடும். கடலோரத்தில் உப்பைப் பொதி கட்டி, கழுதை மேலும் மாட்டு மேலும் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாக மேற்கே நடப்பார்கள். வண்டித் தடம் இல்லாத ஊருக்கும் கழுதை போகும். ஊருக்கு வெளியே மரத்தடியில் கூடாரம். உப்பை அளந்து போட்டுத் தானியத்தை அளந்து வாங்கிக்கொள்வார்கள். பெரும்பாலும் காசு புழங்காத வியாபாரம். திரும்பும்போது அந்தத் தானியம் கடலோரத்துக்கு வரும். தங்குகிற இடத்தில் பெண்கள் சும்மா இருக்கமாட்டார்கள். மூங்கிலைப் பிளந்து கூடை, முறம் பின்னுவார்கள். ஈச்ச ஓலையில் பாயும் விளக்குமாறும் முடைவார்கள். வீடு வீடாகப் போய் விற்பதோடு, பச்சை குத்துவார்கள், குறி சொல்வார்கள்.

அவர்களுடைய உட்பிரிவுப் பெயர்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். உப்புக் கொறவர். கறிவேப்பிலைக் கொறவர். இஞ்சிக் கொறவர். மூங்கில் தப்பையை வைத்துப் பிழைத்தவர் தப்பைக் கொறவர். யார் தலையில் எந்தச் சுமை இருந்ததோ, அதுவே ஜாதிப் பெயராகிவிட்டது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் இந்தப் பெயர்கள் இருக்கின்றன. ஒரு நடமாடும் மளிகைக் கடையின் சாமான் பட்டியலைப் படிப்பது போல இருக்கும்.

இந்தக் கடைக்கு முதல் அடி விழுந்தது 1805இல். சென்னை ராஜதானியில் உப்பு கம்பெனியின் ஏகபோகமானது. அளத்து உப்பை அரசு சொன்ன விலைக்கு, அரசு சொன்ன இடத்தில், கையில் ரொக்கத்தோடு வாங்க வேண்டும். நெல்லுக்கு உப்பு என்று நடந்துகொண்டிருந்தவனிடம் முதலில் பணத்தைக் காட்டு என்றால் அவன் எங்கே போவான்? முதல் உள்ள செட்டியாரும் கோமுட்டியும் முன்னால் வந்தார்கள். வரியும் லேசானதல்ல. 1888இல் ஒரு மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, இரண்டரை ரூபாய் ஆனது. 1903இல் 2 ரூபாய், 1905இல் ஒன்றரை, 1907இல் 1 ரூபாய் என்று இறங்கிய பிறகுதான் ஏழைக்கு மூச்சு வந்தது. அதற்குள் உப்புக் கொறவரின் பொதி பாதி காலியாகிவிட்டது.

மீதிப் பாதியை ரயில் காலி செய்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டதும், அது திருவள்ளூர் வழியாகப் போனதும் தெரிந்த செய்தி. தொடக்க விழாவில் இரண்டு வண்டிகள் ஓடின என்பது அவ்வளவாகத் தெரியாது. ஒன்றில் கவர்னர் ஹாரிஸ் பிரபுவும் வெள்ளைக்கார விருந்தாளிகளும் ஆற்காட்டுப் பக்கம் போனார்கள். இன்னொன்று நம்மவர்களை ஏற்றிக்கொண்டு திருவள்ளூர் வரை வந்து திரும்பியது. ஊர்க்காரர்களுக்கு அது பெருமையான நாளாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இருபது கழுதை பத்து நாள் நடந்து சேர்க்கும் உப்பைவிட அதிகமாக ஒரே ஒரு கூட்ஸ் பெட்டி ஒரே நாளில் கொண்டுவந்து கொட்டிவிடும். 1899இல் பெஜவாடாப் பாதையும் முடிந்து, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூளூர்ப்பேட்டை என்று வடக்கேயும் தண்டவாளம் படுத்துவிட்டது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மண்டிக்காரர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். இடையில் 1876–78 தாது வருஷப் பஞ்சம் மாட்டையும் மனிதனையும் வாரிக்கொண்டு போனது. 1882இல் வனச் சட்டம் வந்தது. சரி, உப்புதான் போயிற்று, கூடையாவது பின்னலாம் என்று மூங்கில் வெட்டப் போனவனைக் காட்டிலாகா ஆள் பிடித்தான். கழுதை மேய்க்கவும் கட்டணம்.

இதையெல்லாம் ஏதோ நான் கண்டுபிடித்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கொறவர்களின் உப்பு வியாபாரத்தை ரயிலும் ரோடும்தான் முடித்துவைத்தன என்று அன்றைய ஆங்கில அதிகாரிகளின் குறிப்புகளிலேயே இருக்கிறது. பிழைப்புப் போனவனுக்கு அவர்கள் வேறு பிழைப்புக் காட்டவில்லை. அவன் இனிமேல் திருடித்தான் சாப்பிடுவான் என்று முடிவு கட்டினார்கள்.

இந்த இடத்தில் பட்டணத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வருவோம். கிராமத்தில் உப்புக்கு வழியில்லாமல் போனபோது, கூடையோடும் கறிவேப்பிலைக் கட்டோடும் நடந்தவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று அது. 1901 கணக்கெடுப்பில் சென்னை நகரத்தின் ஜனத்தொகை 5 லட்சத்து 9 ஆயிரம். அத்தனை வயிற்றுக்கும் காய்கறி, பூ, மோர், விறகு, விளக்குமாறு என்று எல்லாம் தலைச்சுமையாகத் தெருவுக்கு வந்தாக வேண்டும். கொத்தவால் சாவடியைச் சுற்றி விடியுமுன்பே கூடைகள் வந்து இறங்கும். தெருவிலிருந்த நெரிசலான அங்காடியை நான்கு சுவருக்குள் கொண்டுபோகத்தான் நகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் பெயரில் மூர் மார்க்கெட் கட்டி 1900இல் திறந்தார்கள். சிவப்புச் செங்கல் கட்டடம், நடுவில் முற்றம், கடைக்குக் கடை எண். உள்ளே கடை எடுத்தவர் வியாபாரி ஆனார். வெளியே நின்றவர் இடைஞ்சல் ஆனார்.

இடைஞ்சலுக்கு ஏற்கெனவே சட்டங்கள் தயாராக இருந்தன. பாதையை மறித்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 283ஆம் பிரிவு 1860லிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. நகரத்துக்கென்று 1888இல் சென்னை நகரப் போலீஸ் சட்டம் வந்தது. மறு வருஷமே திருவள்ளூர் மாதிரி வெளியூர்களையும் பிடிக்கிற மாதிரி நகரத் தொல்லைகள் சட்டம். எல்லாவற்றையும்விடக் கூர்மையான ஆயுதம் 1898 குற்ற நடைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு. கண்ணுக்குத் தெரிகிற பிழைப்பு இல்லாதவன், தன்னைப் பற்றித் திருப்தியாகப் பதில் சொல்ல முடியாதவன், இப்படி ஒருவன் போலீஸ் கையில் கிடைத்தால் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி நன்னடத்தை ஜாமீன் கேட்கலாம். ஜாமீன் கொடுக்க ஆள் இல்லையா, உள்ளே போ.

எந்த ஊர் என்று கேட்டால் கறிவேப்பிலைக் கூடைக்காரி என்ன சொல்வாள்? பிறந்தது ஒரு மரத்தடி, வாக்கப்பட்டது இன்னொரு கூடாரத்தில், இப்போது இருப்பது கூவம் கரை. பேசுவது இந்தப் பக்கத்துத் தமிழுமில்லை, அந்தப் பக்கத்துத் தெலுங்குமில்லை. அவள் உண்மையைச் சொன்னாலும் அது திருப்தியான பதில் ஆகாது.

கேட்கிற கான்ஸ்டபிளும் ஒன்றும் ராஜா இல்லை. 1902இல் ஆண்ட்ரூ ஃப்ரேசர் தலைமையில் போலீஸ் கமிஷன் உட்கார்ந்து நாடு முழுக்க விசாரித்துவிட்டு, போலீஸில் ஊழலும் கொடுமையும் மலிந்திருப்பதாக ஜனங்கள் நினைக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதியது. காரணங்களில் ஒன்று சம்பளம். கான்ஸ்டபிளுக்கு மாதம் 8 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அது சிபாரிசு செய்தது என்றால், அதற்கு முன் என்ன கொடுத்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு ரூபாய்க்காரன் நாலணாக்காரியை விரட்டுகிறான். 'வழக்கமானது' என்று மட்டுமே பொருள்படும் மாமூல் என்ற அரபுச் சொல் நம் ஊரில் வேறொரு பொருளுக்குப் போய் நிலைத்துவிட்டதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த நகரத்திலும் நடப்பது. அதே காலத்தில் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் தள்ளுவண்டி வைத்துப் பிழைத்த யூத, இத்தாலியக் குடியேறிகளும் போலீஸின் குண்டாந்தடிக்குப் பயந்தே வியாபாரம் பார்த்தார்கள். 1908இல் அந்த நகரத்துப் போலீஸ் கமிஷனர் தியோடர் பிங்கம், நகரத்தின் குற்றவாளிகளில் பாதிப் பேர் யூதர்கள் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார். குடியேறிகள் கொதித்தெழுந்து கூட்டம் போட்டார்கள். அவர் சொன்னதை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. அங்கே தள்ளுவண்டிக்காரனுக்கு இருந்த விதி, ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்பது. நின்றால் குற்றம்.

நம் ஊர்ச் சட்டம் வேறு திசையில் போனது. இங்கே நடந்தால் குற்றம் என்றார்கள்.

1871இல் வட இந்தியாவுக்கென்று போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911இல் திருத்தி, சென்னை ராஜதானிக்கும் கொண்டுவந்தார்கள். 1911ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். ஒரு கூட்டத்தை, ஒரு ஜாதியைக் குற்றப் பரம்பரை என்று அரசு கெஜட்டில் அறிவித்துவிட்டால் போதும். அந்த அறிவிப்பு சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. கொறவர்களின் பிரிவுகள் ஒவ்வொன்றாக அந்தப் பட்டியலில் ஏறின. திருடினான் என்று நிரூபிக்கத் தேவையில்லை, பிறந்திருந்தால் போதும். பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, விரல்களை மையில் தோய்த்து ரேகை எடுத்துக்கொள்வார்கள். பதிவானவன் குறித்த நேரத்தில் போய் ஆஜர் கொடுக்க வேண்டும். வசிக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும், மாறினால் சொல்ல வேண்டும், வெளியே போனால் சொல்ல வேண்டும். கையில் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி அகப்பட்டால் சிறை. சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் 7 ஆண்டு, மூன்றாம் முறை ஆயுளுக்கும் தீவாந்திரம்.

இது விவசாயிக்கு ஒரு கொடுமை. நடந்து விற்கிறவனுக்கு அதன் பொருளே வேறு. ஒரு கறிவேப்பிலைக் கட்டின் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். சாயங்காலம் மலையடிவாரத்தில் பறித்ததை ஈரத்துணியில் சுற்றி, ராத்திரியோடு ராத்திரியாக நடந்து, பொழுது விடிவதற்குள் சந்தையில் சேர்க்க வேண்டும். வெயில் ஏறினால் இலை சுருண்டுவிடும், மாட்டுக்குத்தான் போட வேண்டும். ராத்திரி ஆஜர் கொடுக்க வேண்டியவன் எப்போது நடப்பான்? காலையில் சீட்டு எழுதிக் கொடுக்கும் மணியக்காரர் எழுந்து, குளித்து, பூஜை முடித்து வரும்வரை திண்ணைக்கு வெளியே காத்திருந்தால் இலை என்ன ஆகும்? போகிற ஊரின் பெயரைச் சீட்டில் எழுத வேண்டும். தெருத்தெருவாக விற்கிறவனுக்குப் போகிற ஊர் முன்கூட்டியே தெரியுமா? இந்த ஊரில் போணியாகாவிட்டால் அடுத்த ஊருக்குப் போவதுதானே அவன் தொழில். சட்டம் அவனை வியாபாரம் செய்யாதே என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனால் சட்டப்படி நடந்துகொண்டு அந்த வியாபாரத்தைச் செய்யவே முடியாது.

வியாபாரம் செய்ய முடியாதவனைப் பார்த்து, கண்ணுக்குத் தெரிகிற பிழைப்பு இல்லையே என்று 109ஆம் பிரிவு சிரித்தது.

அவர்களுக்கு அரசு யோசித்து வைத்திருந்த மாற்று, குடியிருப்பு. செட்டில்மெண்ட் என்பார்கள். சால்வேஷன் ஆர்மியின் ஃப்ரெடரிக் பூத்-டக்கர் இதில் முன்னால் நின்றார். ஐ.சி.எஸ். வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர், குற்றவாளியைக் குணப்படுத்துவதற்கென்று 'கிரிமினோக்யூராலஜி' என்று ஒரு சாஸ்திரத்துக்கே பெயர் சூட்டினார். நம்பிக்கையோடு உழைத்த மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நோயாளிதானா என்று யாரும் பார்க்காமலே வைத்தியம் தொடங்கிவிட்டது. நெல்லூர் மாவட்டத்துக் காவலியில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் எருகுலர் குடியிருப்பை நடத்தியது. பாபட்லாவுக்குப் பக்கத்தில் 1913இல் சால்வேஷன் ஆர்மி தொடங்கிய குடியிருப்புக்கு, கவர்னரின் ஆட்சிக் குழுவில் இருந்த ஹெரால்ட் ஸ்டூவர்ட்டின் பெயரால் ஸ்டூவர்ட்புரம் என்று பெயர். தெலுங்குப் படம் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். 2023இல் வந்த 'டைகர் நாகேஸ்வர ராவ்' அந்த ஊர்த் திருடனின் கதை. அந்த ஊரே ஒரு கடைச்சரக்கு வியாபாரிக் கூட்டத்தைக் கொண்டுவந்து அடைத்ததால் உண்டானது என்பதைப் படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

குடியிருப்பில் நிலம் கிடைத்தவர்கள் கல்லையும் முள்ளையும் கொத்தினார்கள். கிடைக்காதவர்கள் சீராலாவில் இருந்த புகையிலைக் கம்பெனிக்குக் கூலிக்குப் போனார்கள். ஓடிப்போக முடியாத, பேரம் பேச முடியாத கூலியாள் எந்த முதலாளிக்குக் கசக்கும்? பெற்றோரைக் கெட்டவர்கள் என்று முடிவு செய்துவிட்டதால், பிள்ளைகளைப் பிரித்துத் தனிப்பள்ளிகளில் வைக்கவும் சட்டத்தில் இடமிருந்தது.

வரைபடம் வைத்திருப்பவர்கள் ஒரு நிமிஷம் விரித்துப் பாருங்கள். சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டி, சூளூர்ப்பேட்டை, கூடூர், நெல்லூர், காவலி, சீராலா, ஸ்டூவர்ட்புரம், பாபட்லா என்று எல்லாம் ஒரே தண்டவாளத்தில் இருக்கின்றன. உப்பு வியாபாரத்தைப் பறித்துக்கொண்ட அதே பாதையில்தான் குடியிருப்புகளும் வரிசையாக முளைத்தன.

இதே மாவட்டத்தில் இருந்துகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் போனால் தப்பு. திருத்தணி இன்று திருவள்ளூர் மாவட்டம். கைரேகைச் சட்டம் வந்த அதே 1911இல் ஏப்ரல் 1ஆம் தேதி உருவான சித்தூர் மாவட்டத்தில் போய்ச் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1இல்தான் நம்மிடம் திரும்பி வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடி எடுத்துப் போய் நாம் கும்பிடுகிற முருகனுக்குப் பக்கத்தில் நிற்பவள் வள்ளி. குறமகள். குற்றாலக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர் நாயகிக்குச் சமமாக, ஏன், நாயகியைவிட ஒரு படி மேலாகவே மேடையேற்றியதும் ஊர் ஊராகச் சுற்றிக் குறி சொல்லும் ஒரு குறத்தியைத்தான். அவள் பார்த்த மலைகளையும் நாடுகளையும் அவள் வாயால் சொல்லக் கேட்டு ராஜ சபைகள் ரசித்தன. அதே நடை, அதே கூடை, அதே குறி. போலீஸ் பதிவேட்டில் அதற்குப் பெயர் வேவு பார்த்தல். பகலில் குறி சொல்லும் சாக்கில் பெண் வீட்டை நோட்டம் விடுவாள், இரவில் ஆண் கன்னம் வைப்பான் என்று போலீஸ்காரர்களுக்கான கையேடுகள் எழுதின. அப்படிச் செய்தவர்கள் சிலர் இருக்கவே இல்லை என்று நான் வாதாடவில்லை. எல்லா ஜாதியிலும் இருந்த மாதிரி இருந்திருப்பார்கள். மற்றவர்களில் திருடியவனுக்கு மட்டும் தண்டனை, இவர்களுக்குப் பிறந்ததற்கே தண்டனை.

கைரேகைச் சட்டம் என்றவுடன் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவு வருவது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3இல் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டது. அங்கே நினைவுத்தூண் இருக்கிறது, ஆண்டுதோறும் அஞ்சலி நடக்கிறது. நடக்க வேண்டியதுதான். அவர்களுக்கு எதிர்த்து நிற்க ஓர் ஊர் இருந்தது, நிலம் இருந்தது, பின்னாளில் பேச முத்துராமலிங்கத் தேவர் மாதிரித் தலைவர்கள் வாய்த்தார்கள். கழுதையும் கூடாரமுமாய்த் திரிந்தவன் எந்த ஊர் எல்லையில் நின்று எதிர்ப்பான்? இரவோடு இரவாக அடுத்த ஜில்லாவுக்கு நழுவுவதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே போராட்டம். அதையும் எல்லை தாண்டிய குற்றம் என்றே எழுதிக்கொண்டார்கள். அதனால் அவனுக்குத் தூணும் இல்லை, தேதியும் இல்லை.

1947இல் சென்னை மாகாணம் இந்தச் சட்டத்தை ஒழித்தது. நாடு முழுக்க ஒழிந்தது 1952 ஆகஸ்ட் 31இல். ஒழித்த கையோடு, சென்னையில் 1948இல் வழக்கமான குற்றவாளிகளுக்கென்று புதுச் சட்டம் ஒன்றும் வந்தது. பதிவேடு கிழிந்தாலும் பார்வை கிழியவில்லை. 2021இல் 'ஜெய் பீம்' வந்தபோது நம் மாவட்டத்து இருளர்கள் தங்கள் கதையாகவே அதைப் பார்த்தார்கள். படத்துக்கு மூலமாக இருந்த, 1993இல் கடலூர் மாவட்டத்துக் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட மனிதர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். திருட்டு நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், அவனைத் தூக்கு. 1911இன் தர்க்கம் அப்படியே.

கும்மிடிப்பூண்டிக்கு இப்போது போய்ப் பாருங்கள். சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்தில், அவர்கள் ஊர்க்காரர்களே பானிபூரிக் கூடையும் தள்ளுவண்டியுமாக ரோட்டோரம் நிற்கிறார்கள். 2023இல் வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவி நாடே அமளிப்பட்டதும், வெளிமாநிலத் தொழிலாளர் விவரங்களைத் திரட்டும் வேலை இங்கே வேகம் பிடித்தது. பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள், அப்படியே இருக்கட்டும். ஆதார் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற பையன்களுக்குக் கைரேகைச் சட்டம் பற்றி யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை.

சட்டம் என்னவோ இன்று தெருவில் விற்கிறவர்கள் பக்கம்தான். தெருவில் விற்பது அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு தருகிற தொழில் உரிமைக்குள் வரும் என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்கவென்றே ஒரு மத்தியச் சட்டம் வந்தது. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், ஊர்தோறும் விற்பனைக் குழு அமைத்து அதில் வியாபாரிகளுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் தர வேண்டும், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் விரட்டக்கூடாது. நல்ல சட்டம். ஆனால் ரயில்வே நிலத்துக்கும் ரயிலுக்கும் அது பொருந்தாது என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வேர்க்கடலையும் வெள்ளரிப் பிஞ்சும் விற்கிறவர்கள், 1989 ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவுக்குப் பயந்து பெட்டி விட்டுப் பெட்டி தாவிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உப்புக் கொறவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். கழுதையும் பொதியும் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. குற்றப் பரம்பரை என்று எழுதப்பட்டவர்களுக்கு இன்றைய பெயர் சீர்மரபினர்; தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மாவட்டப் பெயர்களோடு சேர்த்து அச்சிட்டிருப்பார்கள்: தப்பைக் கொறவர், இஞ்சிக் கொறவர், உப்புக் கொறவர்.

(தொடரும்)